3,850 கிராம் என்று ஸ்கேன் சொன்னபோது

38ஆவது வாரத்தில் எடுத்த வளர்ச்சி ஸ்கேனில் என் குழந்தையின் உத்தேச எடை 3,850 கிராம் என்று வந்தது. அறிக்கையைப் பார்த்ததுமே வீட்டில் சிசேரியன் பேச்சு தொடங்கிவிட்டது. எனக்கோ, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எந்த முடிவுக்கும் வர மனமில்லை. 'குழந்தை பெரிதாக இருக்கிறது' என்று கேள்விப்பட்டுத் தூக்கம் தொலைத்திருக்கும் தாய்மார்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்கேன் கருவி குழந்தையை எடை போடுவதில்லை. தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகிய நான்கையும் அளந்து ஒரு சூத்திரத்தில் போடுகிறார்கள். பல இடங்களில் இன்றும் பயன்படுவது, ஹாட்லாக் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1985இல் வெளியிட்ட சூத்திரம். கணக்கைக் கருவியே போட்டுவிடும். அளப்பதுதான் மனிதக் கை.

இந்த நான்கில் எடையை அதிகம் அசைப்பது வயிற்றுச் சுற்றளவு. ஏனென்றால் கல்லீரலின் அளவும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பும் அங்கேதான் தெரியும். அளப்பதற்குக் கடினமானதும் அதுவே. திரையை என் பக்கம் திருப்பி வைத்திருந்ததால் நன்றாகவே பார்க்க முடிந்தது. வயிற்றின் குறுக்குவெட்டு வட்டமாக வர வேண்டும். இரைப்பை கறுப்புக் குமிழாகத் தெரிய வேண்டும். தொப்புள்கொடி ரத்தக்குழாய் கல்லீரலுக்குள் வளைந்து போகும் இடம் அதே படத்தில் விழ வேண்டும். படத்தை நிறுத்தி, தோலின் வெளி விளிம்பை ஒட்டிப் புள்ளிக்கோட்டு வளையம் ஒன்றை டாக்டர் வரைந்தார். குழந்தை மூச்சுவிடுவதுபோல் நெஞ்சை அசைத்ததும் வட்டம் நசுங்கிப்போனது. அழித்துவிட்டுக் காத்திருந்தார், மறுபடி வரைந்தார். வளையம் சற்றே வெளியே தள்ளிப் போனாலும் கிராம்கள் ஏறிவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலை ஏற்கெனவே இடுப்புக்குள் இறங்கியிருந்ததால் அதை அளக்கவும் சிரமப்பட்டார். தொடை எலும்பு மட்டும் உடனே கிடைத்தது.

பிறகு என் மகப்பேறு மருத்துவரிடம் அறிக்கையைக் கொண்டுபோனேன். "இந்த எடை 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 3,270 முதல் 4,430 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று வாசித்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒற்றை எண்ணாக இருந்தவரை மிரட்டிய அறிக்கை, இப்படி விரித்துச் சொன்னதும் எனக்குப் புரிகிற ஒன்றாகிவிட்டது. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்திருந்தால் கணக்கே வேறு என்றும் சொன்னார். அப்போது வயிறும் தோள்களும் தலையைவிட வேகமாகப் பருக்கும். தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து கூடும். என் சர்க்கரைப் பரிசோதனை சரியாகவே இருந்தது. எடையை மட்டும் வைத்துச் சிசேரியனை யோசிப்பதற்கு, சர்க்கரை இல்லாதவர்களுக்கு உத்தேச எடை 5 கிலோவையாவது, இருப்பவர்களுக்கு 4.5 கிலோவையாவது தொட வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல். வலி வரட்டும், பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஒரு வாரத்துக்குள் வலி வந்தது. சுகப்பிரசவம். தராசில் 3,620 கிராம். ஸ்கேனுக்குப் பிறகு வளர்ந்ததையும் கழித்துப் பார்த்தால் கணிப்பு முந்நூறு, நானூறு கிராம் கூடுதலாகவே சொல்லியிருக்கிறது. டாக்டர் சொன்ன வரம்புக்குள்தான் அதுவும்.

இதைப் படித்துவிட்டு, எடை குறைவு என்று வரும் அறிக்கையை 'வெறும் கணிப்புதானே' என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அங்கே கவனிக்க வேண்டியது வளர்ச்சிக் கோடு, அதாவது அடுத்தடுத்த ஸ்கேன்களில் எடை எப்படி ஏறுகிறது என்பது. அளவில் உள்ள பிழையே வளர்ச்சிபோலத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக, குறைந்தது இரண்டு வார இடைவெளி விட்டுத்தான் மறுபடி அளப்பார்கள். தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை டாப்ளர் என்ற ஸ்கேன் முறையில் பார்ப்பார்கள், பனிக்குடநீரையும் அளப்பார்கள். இதற்கிடையில் குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் அடுத்த ஸ்கேன் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.