வெந்நீர் ஊற்றுக்கு ரேடான் பார்க்கப் போன கதை

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் செம்பனை, இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) பணத்தில் வாங்கியது. அதன் கோடியில் பாறை இடுக்கிலிருந்து வெந்நீர் கசிகிறது. வெந்நீர் ஊற்றுள்ள உலு சிலிம், சுங்காய் எல்லாம் பக்கத்தில் இருக்கும்போது இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் ஜப்பானின் மிசாசாவிலும் ஆஸ்திரியாவின் காஸ்டைனிலும் ரேடான் என்ற கதிரியக்க வாயு கலந்த ஊற்றில் மூட்டுவலிக்குக் குளிக்கிறார்கள் என்று யாரோ வீடியோ அனுப்ப, "டேய், நம்ம தண்ணியும் அதுதான்டா" என்று மாமா பிடித்துக்கொண்டார்.

முதல் முட்டாள்தனம் என்னுடையது. ஆன்லைனில் ஒரு கைகர் கவுண்டர், அதாவது கதிரியக்கம் காட்டும் பெட்டி, வாங்கினேன். ஊற்றருகே வைத்ததும் டிக்டிக்கென்று அடித்தது, மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று இரவு அதை அத்தையின் அம்மிக்கல் மேல் வைத்தேன். அதே வேகத்தில் அடித்தது. தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல்லில் இயல்பாகவே யுரேனியமும் தோரியமும் கொஞ்சம் உண்டு, பெட்டி கேட்டதெல்லாம் கல்லைத்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் ரேடான் ஆல்ஃபா கதிரை விடுவது, நான் வாங்கிய மாதிரி மலிவுப் பெட்டியில் அது பதிவாகாது. காசைக் கொட்டாதீர்கள்.

அப்புறம் தண்ணீரைச் சோதிக்க ஆய்வுக்கூடம். மினரல் வாட்டர் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து, இரண்டு நாள் காரிலேயே போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை 12.20-க்குக் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தேன். தொழுகை இடைவேளை, கவுண்டர் 2.45-க்குத்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை என்பது எப்படி மறந்ததோ தெரியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து முறை வந்தபோது கவுண்டரில் இருந்த பெண் பாட்டிலைத் தூக்கி, மேலே இருந்த காற்றுவெளியைப் பார்த்து, "இது இனி வெறும் தண்ணீர்" என்று திருப்பித் தந்துவிட்டார். முதலில் போன் செய்தபோது இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சல். ரேடான் வாயு, குலுக்கினாலே ஓடிவிடும், பிளாஸ்டிக் வழியாகவும் கசியும். பத்திரமாக அடைத்து வைத்தாலும் 3.8 நாளில் பாதியாகிவிடும். கண்ணாடி பாட்டிலைத் தண்ணீருக்குள் முழுசாக அமிழ்த்தி, உள்ளேயே மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி. பிடித்த தேதியையும் மணியையும் மூடியிலேயே எழுதுங்கள், அதை வைத்துத்தான் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு ஏழாவது தடவைதான் குமிழி இல்லாமல் வந்தது, அதற்குள் விரல் சிவந்துவிட்டது.

ஊற்றில் குளியல் வியாபாரம் தொடங்க மாமா ஆசைப்பட்டதால் நிலத்துறை அலுவலகம் போன கதையைச் சுருக்கிவிடுகிறேன். வரி ரசீது போதாது, கெரான் (நிலப்பட்டா) நகல் வேண்டும் என்று ஒரு தடவை திருப்பினார்கள். இரண்டாவது தடவை, விவசாய நிலத்தில் குளியல் வியாபாரம் என்றால் முதலில் பயன்பாட்டு வகையை மாற்றிக்கொண்டு வா என்றார்கள். இதை முதல் தடவையே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இதற்கிடையில் மாமா ஊற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, நீராவி வெளியே போகாமல் அடைக்கத் திட்டம் போட்டிருந்தார். செங்கல் விலை கூடக் கேட்டாகிவிட்டது. நல்லவேளை நிறுத்தினேன். அடைத்த அறையில் ரேடான் தேங்கினால் நுரையீரல் புற்றுநோய், புகைபிடிப்பதற்கு அடுத்த பெரிய காரணமே அதுதான். காஸ்டைனில் ரேடான் காற்றுள்ள சிகிச்சைச் சுரங்கத்துக்குள் மருத்துவர் மேற்பார்வையில், குறித்த நேரத்துக்குத்தான் விடுகிறார்கள்.

முடிவு வந்தது: லிட்டருக்கு 11 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு). ஜப்பானில் ரேடானை வைத்து ஒரு தண்ணீரை வெந்நீர் ஊற்று என்று ஏற்கவே கிலோவுக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு, 74 வேண்டும், சிகிச்சை ஊற்று என்று சொல்ல 111. தாளை மாமாவிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "ஆபீஸ்காரன் தப்பா அளந்திருப்பான்" என்று பேன்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு ஊற்றில் காலை விட்டார். மிச்சமிருந்த கண்ணாடி பாட்டிலில் அத்தை எலுமிச்சை ஊறுகாய் போட்டுவிட்டார்.