ஒரே எண்ணெய்க்கு நான்கு எண்கள்

கிரேக்கத்தின் தெற்கே மெசினியா வட்டாரத்தில் கொரோனெய்கி வகை ஆலிவ் மரங்களை வளர்க்கும் சிறு விவசாயி ஒருவரின் எண்ணெயில் பாலிபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்களை அளந்து தரும் வேலை, நான் அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சியில் இருந்தபோது என் பொறுப்புக்கு வந்தது. காய் பச்சையாக இருக்கும்போதே அக்டோபரில் பறித்து, 27 டிகிரிக்கு மேல் சூடேறாமல் ஆட்டி எடுத்த எண்ணெய் அது. ஆலிவ் எண்ணெயின் பாலிபீனால்கள் இரத்தக் கொழுப்புகளை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்க உதவுகின்றன என்று சீசாவின் லேபிளில் அச்சிட வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 432/2012 விதி அதை அனுமதிக்கிறது. ஆனால், 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்சிடைரோசால் என்ற பாலிபீனாலும், டைரோசால் முதலான அதன் வழிப்பொருள்களும் சேர்ந்து 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதாவது, கிலோவுக்கு 250 மில்லிகிராம்.

ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். நாக்கில் கசப்பு மட்டும்தான் இருந்தது. சற்றுப் பொறுத்து, திப்பிலி ரசம் குடித்ததைப் போலத் தொண்டையின் அடியில் காரம் ஏறி, இருமல் வந்துவிட்டது. அந்தக் காரத்துக்குக் காரணம் ஒலியோகாந்தால் என்ற சேர்மம். அது ஐபுபுரூஃபன் என்ற வலிநிவாரணியைப் போலச் செயல்படுகிறது என்பதை 2005ஆம் ஆண்டு கேரி போஷம்ப் குழுவினர் வெளியிட்டார்கள். இருமலை வைத்து லேபிள் அச்சிட முடியாது என்பதால் அளவைக்குப் போனோம்.

முதலில் செய்தது ஃபோலின் வினைப்பொருளைக் கொண்டு நீல நிறத்தை அளக்கும் பழைய முறை. விரைவானது, மலிவானது, ஆனால் எந்தச் சேர்மம் எவ்வளவு என்று அது சொல்லாது. எல்லாவற்றையும் கேலிக் அமிலமாகக் கொண்ட கணக்கில் கிலோவுக்கு 310 மில்லிகிராம் வந்தது. அதைக் குறித்துவிட்டு நகர்ந்தேன்.

அடுத்தது சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும், சர்வதேச ஆலிவ் கழகத்தின் திரவ வண்ணப்பிரிகை முறை. 2 கிராம் எண்ணெயை நிறுத்து, அளவு தெரிந்த சிரிஞ்சிக் அமிலக் கரைசல் 1 மில்லிலிட்டரை அதில் சேர்த்து, 80க்கு 20 என்ற விகிதத்தில் கலந்த மெத்தனாலும் நீரும் 5 மில்லிலிட்டர் விட்டு, ஒரு நிமிடம் குலுக்கி, மீயொலித் தொட்டியில் 15 நிமிடம் வைத்த பின், மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளியும் நீர்மத்தை வடிகட்டிக் கருவிக்குள் செலுத்த வேண்டும். 280 நானோமீட்டர் ஒளியில் சேர்மங்களின் சிகரங்கள் வரைபடத்தில் ஒவ்வொன்றாக எழுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். இங்கேதான் நான் சறுக்கினேன். சிரிஞ்சிக் அமிலக் கரைசலின் புட்டியை வெள்ளிக்கிழமை சரியாக மூடாமல் போய்விட்டேன். இரண்டு நாளில் மெத்தனால் ஆவியாகிக் கரைசல் அடர்ந்துவிட்டது. மற்றச் சிகரங்கள் எல்லாம் அந்த அமிலத்தின் சிகரத்தோடு ஒப்பிட்டே கணக்கிடப்படுவதால், அது பெருத்தால் மற்றவை சிறுத்துப்போகும். எல்லா எண்ணெய்களும் திங்கட்கிழமை ஒரே விகிதத்தில் ஏழையாகியிருந்தன. முன்பே அளவு தெரிந்த கட்டுப்பாட்டு எண்ணெயையும் கூடவே ஓட்டியிருந்ததால்தான் தவறு பிடிபட்டது. இல்லையென்றால் பழி அந்த மனிதரின் மரங்கள் மேல் விழுந்திருக்கும்.

புதிய கரைசலில் மீண்டும் செய்தபோது, எல்லாவற்றையும் டைரோசாலாகக் கொண்ட கணக்கில் கிலோவுக்கு 540 மில்லிகிராம் வந்தது. விவசாயி மகிழ்ந்துபோனார். நான் மகிழவில்லை. அந்த மொத்தத்தில் வேறு வகைப் பாலிபீனால்களான லிக்னான்களும் ஃபிளேவனாய்டுகளும் பீனாலிக் அமிலங்களும் சேர்ந்திருக்கின்றன. விதி கேட்பதோ ஹைட்ராக்சிடைரோசால், டைரோசால் குடும்பத்தை மட்டும். எனவே பிரித்தெடுத்த சாற்றைக் கந்தக அமிலத்தோடு வினைப்படுத்தி, பெரிய மூலக்கூறுகளை உடைத்து, அவற்றிலிருந்து வெளிவரும் அந்த இரண்டையும் அளந்தோம். இரண்டும் சேர்ந்து 188 தான்.

250ஐ எட்டவில்லை என்று அறிக்கை எழுதிவிடுவது எளிது. ஆனால் புதிய எண்ணெயில் இந்த இரண்டும் தனித்து இருப்பது மிகச் சொற்பம். பெரும்பகுதி ஒலியேசின், ஒலியோகாந்தால் என்ற பெரிய மூலக்கூறுகளாகவும் அவற்றின் உறவுகளாகவும்தான் இருக்கிறது. ஹைட்ராக்சிடைரோசாலின் மூலக்கூறு எடை 154, ஒலியேசினின் எடை 320. டைரோசாலின் எடை 138, ஒலியோகாந்தாலின் எடை 304. உடைத்து அளந்ததை உடைக்காத நிலையின் எடைக்கு மாற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. இந்த எண்ணெய் 390ஐத் தொட்டுவிடுகிறது. வழிப்பொருள்களையும் சேர்த்தே விதி சொல்லியிருப்பதால், அவற்றை அவற்றின் சொந்த எடையில் கணக்கிடுவதே நேர்மை என்பது என் கருத்து. எந்த முறையில் அளக்க வேண்டும் என்று மட்டும் அந்த விதியில் ஒரு சொல்கூட இல்லை. இத்தனை குழப்பமும் அந்த ஓர் இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

அறிக்கையில் 188, 390 ஆகிய இரண்டையும், முறையின் பெயரையும், மாற்றக் கணக்கையும், அளந்த தேதியையும் எழுதிக் கொடுத்தோம். தேதி வெறும் சம்பிரதாயம் அன்று. வெளிச்சமும் காற்றும் வெப்பமும் பட்டால் மாதாமாதம் இந்தச் சேர்மங்கள் குறைந்துகொண்டே போகும். விவசாயி அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, சீசாவின் கண்ணாடியை அடர் பழுப்பு நிறத்துக்கு மாற்றப்போவதாகவும், கோடை முடிந்ததும் அதே எண்ணெயோடு திரும்ப வருவதாகவும் சொன்னார். அவர் வந்தபோது, சிரிஞ்சிக் அமிலக் கரைசலை அன்று காலையில்தான் புதிதாகக் கலக்கியிருந்தேன்.