ரிப்போர்ட் இல்லாத ஆயிரத்து இருநூறு வெள்ளி

எங்கள் காற்பந்துக் குழுவின் கணக்குப் புத்தகம் பதினொரு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. நீல அட்டை, நாலு முனையும் மடங்கிப் போனது. பந்து 4, வலை 1, ஐஸ் கட்டி, வேன் வாடகை, ரெப்ரி காசு என்று வரிசையாகப் போகிற பக்கத்தில் ஒரு வரி வித்தியாசமாக நிற்கிறது: "உளவியல் ஆலோசனை, 6 தடவை, தடவைக்கு 200 வெள்ளி, ஆக 1,200.00." ரசீது ஒட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் 'அறிக்கை' என்ற கட்டம் மட்டும் காலி. தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஆனால் இது காலியாகவே இருக்கட்டும் என்று கூட்டத்தில் கை தூக்கியதில் என் கையும் ஒன்று.

மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட், வெளியூர்க்காரர்களுக்கு 1948ல் எல்பில் தோட்டத்துத் துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்டு, மலாயாவின் அவசரகாலம் தொடங்கிய ஊர். நமக்கு, மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் ஊர். சுற்றியிருந்த பால்மரமெல்லாம் (ரப்பர்) செம்பனையாக (எண்ணெய்ப்பனை) மாறி, லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு டவுனுக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் பையன்கள். 16 வயதுக்குக் கீழ், பதினெட்டுப் பேர். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தொடர்ந்து இரண்டு வருடம் அரையிறுதியில் பினால்டியில் தோற்றார்கள். இரண்டாம் வருடம் கடைசி அடியை அடித்தவன் ஒன்பதாம் நம்பர். பந்து கம்பத்துக்கு மேலே போய்ப் பக்கத்துச் சாக்கடையில் விழுந்தது. அதோடு மூன்று வாரம் அவன் திடல் பக்கமே வரவில்லை. (பையன்களின் பெயரை எழுதப்போவதில்லை. ஜெர்சி நம்பர் போதும்.)

உளவியல் நிபுணர் வைக்கலாம் என்ற யோசனை தலைவருடையது. லாரி வைத்து நடத்துகிறவர், கிரிக்கெட் பைத்தியம். 2024 டிசம்பரில் நம்ம குகேஷ் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டம் ஜெயித்தபோது, கூடவே இருந்து மனத்தைத் தயார் செய்தவர் பேடி அப்டன் என்று செய்தியில் வந்தது. 2011ல் இந்தியா உலகக் கிண்ணம் வாங்கியபோது டோனி குழுவோடு இருந்த அதே தென்னாப்பிரிக்கர்.

"பாத்தீங்களா கிராணியாரே, டோனிக்கே ஆள் வச்சிருக்கான். நம்ம பசங்களுக்கு வச்சா என்ன?" என்றார், டீ குடிக்கிற ஒட்டுக்கடையில். சொன்னதோடு நிற்கவில்லை. பொங்கல் சமயத்தில் நாசி லெமாக் சோறு விற்று வைத்திருந்த 700 வெள்ளியோடு தன் பையிலிருந்து 500 போட்டார். இந்த 500ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பெற்றோரிடம் சொல்லப் போனபோதுதான் தெரிந்தது, நாங்கள் எந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று. இங்கிருந்து ஈப்போவுக்குப் போகிற வழியில்தான் தஞ்சோங் ரம்புத்தான். அங்கே மனநல மருத்துவமனை வந்தது 1911ல். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒருவனைத் திட்ட வேறு வார்த்தை தேவையில்லை, அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். நாலாம் நம்பரின் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஏன்ணே, எம்புள்ள பந்து வெளியதான அடிச்சான்? துணியக் கிழிச்சிக்கிட்டு ஓடினானா?" குழு மொத்தத்துக்கும்தான் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் இரண்டு கிளாஸ் மைலோ ஆறிப்போனது.

ஆள் தேடுகிற வேலை எனக்கு. இதில் ஒன்று சொல்ல வேண்டும், யாருக்காவது உதவும். 'மோட்டிவேஷன்' என்று சொல்லிக்கொண்டு கோட்டுப் போட்டு வந்து, மைக் பிடித்து, பிள்ளைகளைக் கண்ணை மூடி அழ வைத்துவிட்டுப் போகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர். அப்படி ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு 1,500 கேட்டார். பதிவு நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாதவர் தன்னைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளையும் 2016ல் வந்த இன்னொரு சட்டம் கட்டுப்படுத்துகிறது. கடைசியில் கிடைத்தவர் ஈப்போ புந்தோங் பக்கத்துப் பெண். பதிவு பெற்ற கவுன்சலர், விளையாட்டு உளவியலில் மேற்படிப்பு. நான் கேட்கும் முன்பே நம்பரை அனுப்பினார். பையன்கள் 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள். தலைவர் 'டாக்டரம்மா' என்றார். "நான் டாக்டர் இல்ல அங்கிள்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்தினார், அவரும் ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்.

முதல் நாள் கையில் ஒரு பாரத்தோடு (சம்மதப் படிவம்) வந்தார். பையன்கள் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். மலாயில் இருந்ததை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பத்தி: பையன் சொல்வது அவனுக்கும் ஆலோசகருக்கும் நடுவில் மட்டும். அவன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் மட்டும் வெளியே சொல்லப்படும். நானே மொழிபெயர்த்தேன், நானே தலைவரிடம் நீட்டினேன். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். லாரி இன்சூரன்ஸையும் இப்படித்தான் படிப்பார் போல.

வேலை எப்படி நடந்தது என்றால், நாங்கள் நினைத்த மாதிரி நடக்கவில்லை. இரண்டு தடவை மழைமரத்தடியில் சும்மா பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை பந்தே எடுக்க வேண்டாம் என்றார். பினால்டி அடிக்க வருகிறவன் நடுக்கோட்டிலிருந்து புள்ளிவரை ஏறக்குறைய நாற்பது மீட்டர் தனியாக நடக்க வேண்டும் அல்லவா? அந்த நடையை மட்டும் பழகச் சொன்னார். ஒருவன் நடக்க, மற்றவர்கள் நடுவில் தோளோடு தோள் நிற்க வேண்டும். புள்ளியில் நின்று, விசில் ஊதிய பிறகு ஒரு மூச்சு. ஓடக்கூடாது. நார்வேக்கார விளையாட்டு உளவியல் ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் பினால்டிகளை உட்கார்ந்து எண்ணியிருக்கிறாராம். அடித்தால் ஜெயித்தோம் என்கிற அடியில் 100க்கு 90க்கு மேல் உள்ளே போகிறது. விட்டால் தோற்றோம் என்கிற அடியில் 60 சொச்சம்தான். அதே கால், அதே பதினொரு மீட்டர். பயந்தவன் சீக்கிரம் முடித்துவிட்டுத் திரும்பப் பார்க்கிறான், விசில் அடித்த கையோடு உதைக்கிறான். தவற விட்டவன் திரும்பி நடக்கும்போது ஒரு ஆள் முன்னால் போய் அவனைக் கூட்டி வர வேண்டும் என்றும் பழக்கினார். கோச் மாஸ்டர் போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "நடக்கச் சொல்லிக் குடுக்க இருநூறு வெள்ளியா?" என்று என் காதில் கேட்டார். எனக்கும் அப்போது பதில் இல்லை.

நாலாம் தடவைதான் சிக்கல். பயிற்சி முடிந்தபின் ஒன்பதாம் நம்பர், பந்து வைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் பெஞ்சில் மிஸ்ஸோடு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினான். அழுதான். எல்லாரும் தூரத்திலிருந்து பார்த்தோம். மறுநாள் காலையில் தலைவர் அவருக்குப் போன் போட்டு என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். "அவனே சொன்னா கேட்டுக்குங்க அங்கிள், நான் சொல்ல முடியாது" என்றிருக்கிறார். சரி, அதை விடுங்கள், யார் யாருக்கு மனசு திடம், யாரைப் பினால்டிக்கு அனுப்பலாம், மார்க் போட்டு ஒரு லிஸ்டாவது கொடுங்கள் என்றாராம் இவர். அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி ஒட்டுக்கடையில் கூடியது. ரொட்டி சானாய் வரும் முன்பே தலைவருக்குக் குரல் ஏறிவிட்டது. "காசு குடுக்கிறது நாம. அதுல என் காசு 500. என்ன நடக்குதுன்னு தெரியாம எதுக்குக் குடுக்கணும்?"

மிஸ் வந்திருந்தார். கோபப்படவில்லை. ஒரு கதை சொன்னார். 1958ல் பிரேசில் குழு உலகக் கிண்ணத்துக்காகச் சுவீடன் போனபோது கூடவே ஒரு உளவியலாளர், ஜோவாவ் கார்வாலயஸ். ஆட்டக்காரர்களைப் படம் வரையச் சொன்னார், சோதனை வைத்தார், முடிவைக் கோச்சிடம் கொடுத்தார். பதினேழு வயதுப் பையன் ஒருவன் இன்னும் சிறுபிள்ளைத்தனம் மாறாதவன், அவனை இறக்க வேண்டாம். இன்னொருவனுக்குப் பொறுப்பு போதாது. பையன் பெலே, இன்னொருவன் கரிஞ்சா. கோச் பியோலா அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டு இரண்டு பேரையும் இறக்கினார். பெலே ஆறு கோல், அதில் இரண்டு இறுதியாட்டத்தில். பிரேசில் 5-2.

"அதான் நான் மார்க் போட மாட்டேன் அங்கிள். போட்டா தப்பாவும் போகும், அப்புறம் எந்தப் பையனும் என்கிட்ட நிஜத்தச் சொல்லவும் மாட்டான். எல்லாம் பாஸாகிற பதிலாத்தான் சொல்லுவான்."

தலைவர் விடவில்லை. "அப்ப அவர் தப்பாச் சொன்னாரு. நீங்க சரியாச் சொல்லுங்க." எல்லாரும் சிரித்தார்கள், மிஸ்ஸும் சிரித்துவிட்டார். அவர் கிளம்பியபிறகு, மீதி இரண்டு தடவையை ரத்து செய்யலாமா என்று வோட்டு.

பெலே கதை நல்ல கதைதான். ஆனால் என் கை தூக்கியது அதற்காக இல்லை.

1983ல் நான் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஒரு டிரசர் இருந்தார். கெட்டவர் இல்லை, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். ஆனால் சம்பளம் கம்பெனி சம்பளம். யார் எதற்கு வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒரு சீட்டு எழுதுவார். அது ஆபீசுக்கு வரும். நான் அதைப் பார்த்துச் செக்ரோலில் (வருகைப் பதிவேடு) ஏற்றித் துரை மேசையில் வைப்பேன். மரம் சீவுகிற ஒருவருக்குப் பெண்சாதி தவறிப்போய் மூன்று மாதம். ராத்திரியில் தூக்கம் இல்லை, விடியக்காலையில் மரநிரையில் யாரோ பின்னால் நடந்து வருகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்று டிரசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். பதினொன்றரை மணிக்குச் சீட்டு என் கைக்கு வந்தது. நான் படித்தேன், மேசையில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஆபீஸ் கதவு திறந்தே இருக்கும், கங்காணி வேலை பார்க்கும் மண்டோர்கள் உள்ளே வந்து போவார்கள். மறுநாள் பெரட்டில் (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசை), இருட்டு பிரியாத நேரத்தில், அவர் பெயரைக் கூப்பிட்டதும் பின்வரிசையில் யாரோ "ரம்புத்தான்!" என்று குரல் கொடுத்தார்கள். வரிசை முழுக்கச் சிரிப்பு. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நான் டார்ச் வெளிச்சத்தில் அவர் பெயருக்கு நேராக ஒன்று போட்டேன், வந்திருக்கிறார் என்பதற்கு அடையாளமாக. அதற்கப்புறம் அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை, காய்ச்சலுக்குக்கூட. இரண்டு வருடம் கழித்துத் தோட்டத்தை விட்டே போய்விட்டார்.

இதை நான் கமிட்டியில் சொல்லவில்லை. அவர் பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், ஒட்டுக்கடையில் சொல்லக்கூடிய கதையா? "கையெழுத்துப் போட்டாச்சு, பாரத்தில் அப்படித்தான் இருக்கு, மீறினால் பெற்றோர் கேட்பார்கள்" என்று கிராணி பாஷையில்தான் பேசினேன். ரத்து வேண்டாம் என்று நாலு கை, செய்யலாம் என்று மூன்று. மூன்றில் ஒன்று தலைவர். ஆச்சரியம் என்னவென்றால் நாலில் ஒன்று கோச் மாஸ்டர். ஏன் என்று கேட்டதற்கு, "ஸ்டேஷன்ல நிறையப் பாத்துட்டேன் சார்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

மீதி இரண்டு தடவையும் நடந்தது. ஒன்பதாம் நம்பர் என்ன சொன்னான் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. திடலுக்குத் தொடர்ந்து வந்தான், அதுதான் தெரியும். அவன் அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். என்னைக் கோயிலில் பார்த்தபோது எதுவும் கேட்காமல் பிரசாதத்தில் இரண்டு வடை கூடுதலாக வைத்தார்.

இந்த வருடப் போட்டி எப்படி என்றுதானே கேட்பீர்கள்? காலிறுதியில் 0-3. முழுநேரத்திலேயே முடிந்துவிட்டது, பினால்டி வரைக்கும் போகவே இல்லை. திரும்பி வரும்போது வேனில் தலைவர் என் பக்கம் திரும்பி, "நாப்பது மீட்டர் நடக்கிறதுக்கு 1,200 வெள்ளி, நடக்கவே விடலயே கிராணியாரே" என்றார். வேனே அதிர்ந்து சிரித்தது. ஒன்பதாம் நம்பரும்தான்.

போன வாரம் ஆண்டுக் கூட்டம். கணக்கு வாசித்தபோது புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுந்து, 1,200க்கு அறிக்கை எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர், "அதெல்லாம் கேக்கக்கூடாது, பாரத்தில இருக்கு" என்று உட்கார வைத்துவிட்டார். பாரத்தை இப்போதாவது படித்தாரா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருடத்துக்கு மிஸ் 250 கேட்கிறார். ஈப்போவிலிருந்து வரப் பெட்ரோல் எல்லாம் சேர்த்து நியாயம்தான். 220க்குப் பேசிப் பாருங்கள் என்கிறார் தலைவர். இன்று ராத்திரி போன் போட வேண்டும்.