எட்டு மூலைக் கண்ணாடிச் சட்டம்

அக்கா புது வீட்டுக்குக் குடிபோகிறாள். என் கையாலேயே எண்கோணமாக ஒரு கண்ணாடிச் சட்டம் செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். பக்கத்துக்கு 25 செ.மீ. வைத்தால் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 60 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட வரும். அவள் வீட்டு வரவேற்பறைச் சுவருக்கு அது சரியாக இருக்கும்.

பள்ளியில் படித்தது மறக்கவில்லை. ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைகளுக்குக் கோடு போட்டால் எண்கோணம் 6 முக்கோணங்களாகப் பிரியும். 6 × 180 = 1080. எட்டால் வகுத்தால் ஒரு உட்கோணம் 135 டிகிரி, வெளிக்கோணம் 45. மரத்தைச் சாய்வாக அறுக்க உதவும் பெட்டியான மைட்டர் பாக்ஸில் 45-க்குக் காடி (ரம்பம் ஓடும் பள்ளம்) தயாராகவே இருந்தது. தேக்கு ரீப்பரை, அதாவது மெல்லிய நீள மரத்துண்டை, அதில் வைத்து அறுத்துத் தரையில் அடுக்கினேன். நாலாவது துண்டிலேயே சட்டம் மூடிக்கொண்டது. சதுரம்!

தேக்கு ரீப்பர் வீணான வருத்தத்தோடு அந்த மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. ஒரு மூலையில் சேருவது இரண்டு துண்டுகள். 45 டிகிரித் திருப்பத்தை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கிட வேண்டும். நேர்வெட்டிலிருந்து ஒவ்வொன்றும் சாய வேண்டியது 22.5 டிகிரிதான். நான் இரண்டு பக்கமும் 45 கொடுத்ததால் மூலை 90 டிகிரி திரும்பிவிட்டது. 180-ஐப் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் இந்தச் சாய்வு கிடைத்துவிடும்: ஐங்கோணத்துக்கு 36, அறுகோணத்துக்கு 30.

22.5-க்குக் காடி கிடையாது. ஒரு வெள்ளைத் தாளின் மூலையை எடுத்தேன். 90. பாதியாக மடித்தால் 45, இன்னொரு மடிப்பில் 22.5. அந்தக் கூர்முனையைப் பெட்டியின் மேல் வைத்துப் பென்சிலால் கோடிழுத்து, புதுக் காடி அறுத்தேன். எட்டுத் துண்டும் ஒரே நீளம் வர ஒரு கட்டையைத் தடுப்பாக ஆணியடித்து வைத்தேன். இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.

அப்படியும் கடைசி மூலையில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி. கால் டிகிரி பிசகினாலும் 16 வெட்டுக்கு 4 டிகிரி சேர்ந்துவிடும் அல்லவா? அதனால் எட்டையும் ஒரேயடியாக ஒட்டவில்லை. நாலு நாலாக இரண்டு பாதிகள் ஒட்டிக் காயவிட்டேன். அப்புறம் தட்டையான டைல் மேல் உப்புத்தாளை விரித்து, ஒவ்வொரு பாதியின் இரண்டு முனைகளும் ஒன்றாகப் படியும்வரை தேய்த்தேன். அரைமணி நேரம் ஆனது.

இரண்டு பாதிகளையும் பசை போட்டுச் சேர்த்து, சுற்றிக் கயிறு இறுக்கி வைத்தேன். மறுநாள் காலை கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு மூலையாக நகத்தால் வருடிப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை.