குக்ரியில் போன எங்கள் அண்ணன்

நம் பழைய மாணவர் சங்க மலரில் டாக்டரானவர்களைப் பற்றியும் வெளிநாட்டில் தொழில் தொடங்கியவர்களைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டோம். 1971 போரில் கடலோடு போன நம் பள்ளி மாணவரைப் பற்றி ஒரு வரிகூட வந்ததில்லை. அவரோடு பழகியவர்களில் இப்போது சிலர்தான் மிச்சம் இருக்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். அப்பா வல்லம் என்கிற படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர், அம்மா பாசி எடுக்கப் போவார். பாம்பன் கரையில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரிவதில் அதிசயம் இல்லை. ஆனாலும் அண்ணன் நீந்துவதைப் பார்க்கப் பெரியவர்களே நின்றுவிடுவார்கள். கச்சான் காற்று அடித்துத் தென்கடல் கொந்தளிக்கிற நாளில், வருகிற அலைக்கு அடியில் மூழ்கி அந்தப் பக்கம் தலை தூக்குவார். எனக்கு நீச்சல் பழக்கியதும் அவர்தான். வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே, "கடலோட சண்டை போடாதடா. அது இழுக்கிற பக்கம் கொஞ்சம் போ, அப்புறம் திரும்பு" என்பார். கையை எப்போது எடுத்தார் என்றே தெரியாது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பயணிகளோடு ரயில் போனது எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். பாம்பன் பாலத்தின் கர்டர்களும் கடலுக்குள் விழுந்தன. 46 நாளில் பாலத்தைச் சரிசெய்து மறுபடி ரயிலை ஓட விட்டார்கள். அந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன் அங்கேதான் கிடப்பார். கிரேன் சத்தத்துக்குப் போனவர் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். இன்ஜின் மேல் அவருக்கு ஆசை பிடித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் கடற்படையில் சேர்ந்து இன்ஜின் பிரிவுக்குப் போனார். லீவில் வந்தால் அந்த வெள்ளைச் சட்டையை அவர் அம்மா நல்ல தண்ணீரில் அலசி, வலை காயப்போடும் கொடியிலிருந்து தள்ளித் தனியாக ஒரு கயிறு கட்டிக் காயப்போடுவார்.

அண்ணன் இருந்த ஐ.என்.எஸ். குக்ரி நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே கட்டப்பட்ட போர்க்கப்பல். 1971 டிசம்பர் 9 இரவு, குஜராத் கரையை ஒட்டிய டையூவிலிருந்து சுமார் 40 கடல் மைல் தொலைவில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ அதைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தப்பிக்கப் பார்க்காமல் கப்பலோடு போனார். அவருக்கு மகாவீர் சக்ரா என்கிற போர் வீர விருதைக் கொடுத்தார்கள். கீழ்த்தளத்தில் இன்ஜின் பக்கம் இருந்தவர்களுக்கு மேலே ஏறி வரவே நேரம் இருந்திருக்காது.

தந்தி ஆங்கிலத்தில் இருந்ததால் தபால்காரர் எங்கள் கணக்கு வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். சார் ஒரு முறை மனசுக்குள் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். அண்ணனின் அம்மா அழவில்லை. "அங்கன இருந்து கரை எம்புட்டுத் தூரம் சார்?" என்று கேட்டார். சார் பதில் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேள்வியைப் பேதைமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காற்றில் ஒதுங்கித் தலைமன்னார்ப் பக்கம் கரை ஏறி, துக்கம் கேட்டு முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து நின்றவர்கள் எங்கள் கரையில் உண்டு. கடலில் போனவனை உடனே செத்தவனாக எண்ணுகிற வழக்கம் அங்கே கிடையாது. அதிலும் அண்ணன் மாதிரி நீந்துகிறவரை எப்படி எண்ணுவது? ஊரே எதிர்பார்த்தது. நானும் எதிர்பார்த்தேன். வாடைக்காலம் முடிந்து, கச்சான் தொடங்கி, அதுவும் ஓய்ந்த பிறகும் அந்த அம்மா வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. அரசாங்கத்திலிருந்து வந்த காகிதங்களில் ரொம்ப நாள் கழித்துத்தான் கைநாட்டு வைத்தார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் தங்கள் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைப்பார்கள். மகனுக்குக் கல்லறை இல்லாததால் அவர் கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவத்தி ஏற்றுவார். காற்றில் அணைய அணையத் திரும்ப ஏற்றுவார். கடைசி வரைக்கும் இதை விடவில்லை.

டையூவில் கடலைப் பார்த்த மேட்டின்மேல், கண்ணாடிக்கூண்டுக்குள் குக்ரியின் மாதிரியை வைத்து நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். நல்ல இடம். ஆனால் பாம்பனிலிருந்து அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அந்த அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நம் பள்ளியிலோ முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது.

அதன் பக்கத்தில் ஒரு கல் பதிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெயர், படித்த ஆண்டுகள், கப்பல், தேதி, இவ்வளவு போதும். அண்ணனின் தங்கையிடம் கேட்டேன். கல்லில் பெயர் வர அவருக்குச் சம்மதம், அதற்கு முன் எதிலும் அச்சாக வேண்டாம் என்றார். அதனால்தான் இங்கே பெயரை எழுதவில்லை. இனிஷியலில் அப்பா பெயரோடு அம்மா பெயரின் முதல் எழுத்தும் சேர வேண்டும் என்று கேட்டு, தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தத் தாள் நம் செயலாளரிடம் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். ஊரில் நின்று வேலையை முடித்துத் தர ஆள் இருக்கிறார்கள், செலவை நாம் பகிர்ந்துகொண்டால் போதும். வர முடியாதவர்கள் தங்கள் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள்.