இது எந்த நாடு, நண்பர்களே?

2024 செப்டெம்பர் 27, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் ஓடி வந்தாள். "அம்மம்மா, மக்கொனகல் செத்துப்போயிற்றா!" கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அவளுக்கு மேகி ஸ்மித் என்றால் ஹாரி பொட்டர் படங்களில் வரும் கண்டிப்பான பேராசிரியை. என் மகளுக்கு 'டவுன்டன் அபி' தொடரின் பெரிய சீமாட்டி. எனக்கு அவர் யார் என்று அன்றிரவு இரண்டு பேருக்கும் சொல்லப் பார்த்தேன். சொல்ல வரவில்லை. எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் மலர்க் குழு கட்டுரை கேட்டபோது, இதை நம் பெரிய மண்டபத்தில் இருந்தவர்களுக்கே எழுதலாம் என்று தோன்றியது.

எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த மிஸ்ஸின் பெயரை நான் எழுதவில்லை. எழுபதுகளில் படித்த எல்லோருக்கும் தெரியும். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை, விரலில் தூள் படாமல் வெள்ளித்தாளில் சுற்றிய சோக்குத் துண்டு. வேப்பமரத்தடி வகுப்பில் அவர் ஆங்கிலக் கவிதை வாசித்தால் பக்கத்து வகுப்பும் கணக்கை விட்டுவிட்டுக் கேட்கும். 1964இல் ஆசிரியப் பயிற்சிக்காக ஒரு வருடம் லண்டனில் இருந்தவர். அங்கே ஓல்ட் விக் அரங்கின் முன்னால் காலையிலிருந்து வரிசையில் நின்று ரிக்கெற் எடுத்து, பெரிய நடிகர் லோரன்ஸ் ஒலிவியே ஒதெல்லோவாக நடித்த ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வைப் பார்த்திருக்கிறார். அந்த நாடகத்தில் டெஸ்டிமோனாவாக நடித்தவர்தான் மேகி ஸ்மித். அப்போது அவருக்கு வயது 29.

"எல்லாரும் ஒலிவியேயைப் பாத்தவை. நான் அந்தப் பிள்ளையைத்தான் பாத்தனான்" என்பார் மிஸ். "சத்தம் போடேல்லை. அழேல்லை. ஆனா கடைசி வரிசையில நிண்ட எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது." இதை ஒன்பதாம் வகுப்பில் மட்டும் பத்துத் தடவையாவது கேட்டிருப்போம். யாரும் சலித்ததாக நினைவில்லை.

1976ஆம் ஆண்டு ஆங்கில தினத்துக்கு ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்திலிருந்து சில காட்சிகளைப் போடுவது என்று மிஸ் தீர்மானித்தார். கதாநாயகி வயோலாவாக என்னைத் தெரிந்தெடுத்தார். அன்று வீட்டுக்குச் சைக்கிளில் போனேனா பறந்து போனேனா தெரியாது. அம்மா தன் பழைய நீலப் பட்டுச் சேலையை வெட்டிச் சட்டை தைத்தார். கைக்கும் கழுத்துக்கும் சரிகைக் கரையை மடித்து வைத்துத் தைத்த அந்தத் தையல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கப்பல் உடைந்து, தெரியாத கரையில் ஒதுங்கும் வயோலாவின் முதல் வரி ஒரு கேள்வி: இது எந்த நாடு, நண்பர்களே? ஆங்கிலத்தில் அந்தச் சின்ன வரிக்குள் எங்கள் நாக்குக்கு இரண்டு முடிச்சு இருக்கிறது. "வட்" என்று தொடங்கும் சொல்லுக்கு உதட்டைக் குவித்துக் காற்றை விடவேண்டும். "ஃபிரெண்ட்ஸ்" என்பதற்கு மேற்பல்லைக் கீழுதட்டில் வைக்கவேண்டும். எனக்கு முன்னது தடித்தது, பின்னது "பிரெண்ட்ஸ்" ஆனது. மூன்று கிழமை ஒத்திகை பார்த்தோம். கிணற்றடியிலும் சொன்னேன், படுக்கையிலும் சொன்னேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னர், எல்லோரும் உடுப்போடு நிற்க, மிஸ் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி என் வாய்க்கு ஒரு சாண் முன்னால் பிடித்தார். "சரியாச் சொன்னா சுடர் ஆடவேணும். சொல்லும், பிள்ளை." சொன்னேன். ஆடவில்லை. திரும்பவும் சொன்னேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. மெழுகு உருகி அவர் விரலில் விழுந்தது, அவர் கையை எடுக்கவில்லை. கடைசியில் என் மூச்சு முட்டி வந்து சுடர் அணைந்தே போனது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "காணும். இறங்கி வாரும். நீர் புத்தகத்தைப் பிடியும்" என்றார்.

வயோலா வேறொருத்திக்குப் போனாள். அம்மா தைத்த சட்டையும் அவளுக்கே அளவாக இருந்தது. நான் திரைக்குப் பின்னால் முக்காலியில் இருந்து, வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பதற்காகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு சொல்லும் மறக்கவில்லை. நன்றாகவே நடித்தாள்; இப்போது சிட்னியில் இருக்கிறாள், இன்றும் என் உயிர்ச் சிநேகிதி. மூன்றாம் வரிசையில் இருந்த அம்மா தன் சேலை மேடைக்கு வருவதைப் பார்த்திருக்கிறார், அதற்குள் நான் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் மிஸ்ஸின் வகுப்பில் கைதூக்கவில்லை.

1984இல் நான் லண்டனுக்கு வந்தேன். வந்த விதமும் காரணமும் நம்மில் பலருக்கு ஒன்றுதான், எழுதத் தேவையில்லை. ஹீத்ரோவில் குடிவரவு வரிசையில் நின்றபோது அந்த வரி தானாக வாய்க்குள் வந்தது. பகலில் கடையில் காசு வாங்கும் வேலை, இரவில் கணக்கியல் படிப்பு. ஓர் அறையில் நான்கு பேர். 1988இல் மிஸ்ஸிடமிருந்து ஒரு நீலக் கடுதாசி வந்தது. என் முகவரியை அம்மாவிடம் வாங்கியிருக்கிறார். ஊரில் இந்திய அமைதிப் படை நின்ற காலம். வெளியே என்ன நடக்கிறது என்று அவர் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியது இதுதான்: மேகி ஸ்மித் லண்டனில் மேடையில் நடிக்கிறா என்று பிபிசி வானொலியில் கேட்டேன், நீர் ஒருக்காப் போய்ப் பார்த்து, எப்படி நின்றா, எப்படிக் கதைத்தா என்று எனக்கு எழுதும்.

அந்த நாடகம் 'லெட்டிஸ் அண்ட் லவேஜ்'. பீற்றர் ஷாஃபர் அவருக்காகவே எழுதியது. ஷாஃப்ட்ஸ்பரி அவெனியூவில் குளோப் அரங்கில் 1987இலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகும் பஸ் அந்த வாசலைக் கடந்துதான் போகும். விளக்கெழுத்தில் அவர் பெயரை எத்தனையோ மாலை பார்த்திருக்கிறேன். ரிக்கெற்றுக்குக் காசில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், இரண்டு கிழமை மிச்சம்பிடித்திருந்தால் போயிருக்கலாம். மெழுகுதிரி என் மனசுக்குள் அணையாமல் இருந்தது. அந்தக் கடுதாசிக்கு நான் பதில் எழுதவில்லை. பின்னர் அந்த நாடகம் நியூயோர்க் போய், 1990இல் அவருக்கு ரோனி விருது பெற்றுக் கொடுத்தது.

அதே 1988இல் ஓர் இரவு, எங்கள் அறையின் சின்னத் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்தேன். பிபிசியில் அலன் பெனெற் எழுதிய தனிப்பேச்சு நாடக வரிசை. தேவாலயப் பாதிரியாரின் மனைவி, குடிக்கு அடிமையானவள், கமராவைப் பார்த்துத் தன் கதையைச் சொல்கிறாள். லீட்ஸ் நகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் இந்தியரோடு அவளுக்கு உறவு. அவர் பெயர் ரமேஷ். "எங்கட ஆக்களின்ர பேரைச் சொல்லுறா" என்று அறைத்தோழி எழும்பி உட்கார்ந்தாள். அன்று பகல் முழுவதும் பருப்பும் அரிசியும் நிறுத்துவிட்டு வந்தவள் நான். அந்தப் பெண்ணின் கண்ணில், கடைக்காரனிடம்தான் தன்னை மனுசியாகக் கண்டவள் போன்ற ஒரு வெளிச்சம். குரல் உயரவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கும் என்று மிஸ் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரால் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்த சனத்துக்குள் மிஸ்ஸும் நடந்தாராம், கையில் அதே கறுப்புக் குடை. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்தார். அடுத்த வருடம் காலமானார். எனக்குச் செய்தி வந்தபோது அந்திரட்டியும் முடிந்திருந்தது.

அதன் பிறகே நான் மேகி ஸ்மித்தைத் தேடித்தேடிப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் எடுத்தது 'த பிரைம் ஒஃப் மிஸ் ஜீன் புரோடி'. 1969இல் வந்த படம். சிறந்த நடிகைக்கான ஒஸ்காரை அவருக்குக் கொடுத்தது. முப்பதுகளின் எடின்பரோவில், ஒரு பெண்கள் பாடசாலையில், தனக்குப் பிடித்த சில பிள்ளைகளை மட்டும் தெரிந்தெடுத்து, அவர்களின் உலகத்தையே விரித்துக் காட்டும் ஆசிரியை. அதே கையால் அவர்களைக் காயப்படுத்துகிறவரும் அவர்தான். கடைசியில் அவர் வளர்த்த பிள்ளையே அவரைக் காட்டிக்கொடுக்கிறாள். அந்தப் பிள்ளைமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. படம் முடிந்து நெடுநேரம் இருட்டில் இருந்தேன். கடுதாசிக்குப் பதில் போடாத நான் யாரைக் கோபிப்பது?

தேடிய இடத்தில் எனக்குக் கிடைத்த வேறு சில விசயங்களையும் இங்கே வைக்கிறேன், மிஸ்ஸுக்குச் சொல்லக் கிடைக்கவில்லை என்பதால். மேகி ஸ்மித் பிறந்தது 1934 டிசம்பர் 28, கிழக்கு லண்டன் பக்கத்து இல்ஃபோர்டில். ஆம், நம்மவர்கள் நிறைந்த, நான் முப்பது வருடமாக மரக்கறி வாங்கும் இதே இல்ஃபோர்டில். தகப்பன் நோயியல் துறையில் வேலை பார்த்தவர், தாய் ஸ்கொட்லாந்துக்காரி. சின்ன வயதிலேயே குடும்பம் ஒக்ஸ்ஃபோர்ட் போய்விட்டது. பதினாறு வயதில் பாடசாலையை விட்டு நடிப்புப் படிக்கப் போனார். 1952இல், பதினேழு வயதில், ஒக்ஸ்ஃபோர்டில் அவர் ஏறிய முதல் பெரிய மேடையில் அவர் நடித்த பாத்திரம் வயோலா. இதை வாசித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மிஸ்ஸுக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்துதான் அந்த நாடகத்தை எடுத்தாரா?

1976இல், நான் மெழுகுதிரி முன்னால் நின்ற அதே வருடம், அவர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழாவுக்கு நடிக்கப் போனார். 1980 வரை அங்கே பல பருவம் நடித்தார். ரொறன்ரோவில் இருக்கும் நம் சகோதரிகள் பலர் அந்த ஊருக்குப் போய்வந்திருப்பீர்கள். இன்னொன்று: 'ஒதெல்லோ' நாட்களில் ஒலிவியே மேகி ஸ்மித்தின் உயிரெழுத்து உச்சரிப்பைக் குறை சொன்னாராம். அடுத்த நாள் ஒலிவியே ஒதெல்லோ வேடத்துக்காக முகத்துக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருந்த அறை வாசலில் போய் நின்று, மேகி ஸ்மித் "ஹௌ நௌ பிரௌன் கௌ" என்று திருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள். காலைப் பிறேயர் முடிந்ததும் மிஸ் எங்களை வரிசையாக நிறுத்திச் சொல்லவைத்த அதே நான்கு சொல். உச்சரிப்புக்காக அவரையும் ஒருவர் திருத்தியிருக்கிறார். இது பதினைந்து வயதில் எனக்குத் தெரிந்திருந்தால், அடுத்த நாள் காலையில் மிஸ்ஸின் மேசை முன்னால் போய் நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

2019 வசந்தத்தில், பன்னிரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு, மேகி ஸ்மித் மேடைக்குத் திரும்பினார். அவருக்கு 84 வயது. ரவர் பாலத்தடியில் உள்ள பிரிட்ஜ் அரங்கில் கிறிஸ்டோஃபர் ஹாம்ப்டனின் 'எ ஜேர்மன் லைஃப்'. மகள் இரண்டு ரிக்கெற் எடுத்துத் தந்தாள். மிஸ்ஸின் நீலக் கடுதாசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கேட்கப்பட்டு முப்பத்தொரு வருடம் கழித்துப் பார்த்தேன், பதிலை இப்போதுதான் எழுதுகிறேன்.

மிஸ், எப்படி நின்றா என்று கேட்டிருந்தீர்கள். நிற்கவில்லை. ஒரு கதிரையில் இருந்தபடியே ஏறத்தாழ நூறு நிமிடம் தனியே கதைத்தா. வேறு ஒருவரும் மேடைக்கு வரவில்லை. ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்த புருன்ஹில்ட பொம்செல் என்ற மனுசி, நூறு வயது தாண்டியபின் தன் இளமையை நினைக்கிற கதை. எது ஞாபகம், எது ஞாபகமில்லை என்று தடவித்தடவிச் சொல்லுறா. ஒரு பேரைத் தேடி நிறுத்தினால் நாங்களும் மூச்சை நிறுத்தினோம். சத்தம் போடவில்லை. அழவில்லை. நான் பின்னுக்குத்தான் இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கதை போகப்போக மேடைத்தளம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முன்னுக்கு வந்துகொண்டிருந்ததாம். அதை அங்கே இருக்கும்போது நான் கவனிக்கவில்லை. விளக்கு அணையப்போகும்போது பார்த்தால், தொடக்கத்தில் தூரத்தில் இருந்த அந்தக் கதிரை எங்களுக்குக் கிட்ட வந்திருந்தது.