ஹொங் லிம் பூங்காவில் யார் பேசலாம்?

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலிலிருந்து ஆற்றுப் பக்கமாக நடந்தால் பத்து நிமிடத்துக்குள் ஹொங் லிம் பூங்கா வந்துவிடும். தீமிதிக்கு வருஷா வருஷம் வருகிறவர்களில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு ஹெக்டேர்கூட இல்லை. ஒரு புல்தரை, ஓரமாக மரங்கள், நாலு பக்கமும் சாலை. என் அலுவலகம் பக்கத்தில்தான். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய் உட்கார்வேன். சிங்கப்பூரில் வேறெந்தப் புல்தரைக்கும் இத்தனை கதை கிடையாது என்பது என் எண்ணம்.

முதலில் இதற்கு டன்மன்ஸ் கிரீன் என்று பெயர். காவல்துறையின் முதல் ஆணையர் தாமஸ் டன்மன் பெயர்தான் அது. 1876ல் சியாங் ஹொங் லிம் என்ற ஹொக்கியன் சீன வணிகர், காவல் அலுவலகத்துக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பொதுத் தோட்டமாக்க 3,000 வெள்ளி கொடுத்தார். அபின், சாராயம் விற்கும் அரசாங்கக் குத்தகையில் பெரும் பணம் சேர்த்தவர் அவர். அந்தப் பணம் யார் யாருடைய கூலியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சுமை தூக்கியும் ரிக்‌ஷா இழுத்தும் சம்பாதித்ததை அபினில் விட்ட மனிதர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1885ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் சைனீஸ் ரிக்ரியேஷன் கிளப்பும் இங்கேதான் டென்னிசும் கிரிக்கெட்டும் ஆடியது. வெள்ளைக்காரர்களுக்குப் பாடாங் திடல், உள்ளூர்ச் சீனர்களுக்கு இந்தப் புல்தரை.

அப்பா சொல்லும் பூங்கா வேறு. அவர் வளர்ந்தது துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில். 1950களிலும் 60களிலும் தேர்தல் கூட்டம் என்றாலே ஹொங் லிம்தான். 1961 ஏப்ரலில் இங்கே நடந்த இடைத்தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியை விட்டு வெளியேற்றப்பட்ட ஒங் எங் குவான் அதே கட்சியின் வேட்பாளரைப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாராம்.

"மலாய்ல ஒருத்தர் பேசுவார், ஹொக்கியன்ல ஒருத்தர் பேசுவார். அப்புறம் நம்மாளு வருவார். தமிழ்ல ஆரம்பிச்சதும் பின்னால பீடி குடிச்சுக்கிட்டு நின்ன ஹார்பர் ஆளுங்க எல்லாம் முன்னால வந்துருவாங்க. தமிழ்ல கேட்டாத்தான் நம்மளையும் சேர்த்துச் சொல்றாங்கன்னு தோணும்" என்பார். அந்தப் பேச்சாளர் யார், எந்தக் கட்சி என்பதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. பீடி வாசனையும் ஒலிபெருக்கி கரகரத்ததும் மறக்கவில்லை.

தனி நாடான பிறகு உரிமம் இல்லாமல் பொது இடத்தில் பேச முடியாத காலம் நீண்டது. 2000 செப்டம்பர் 1ஆம் தேதி இதே பூங்காவை உரிமம் இல்லாமல் பேசக்கூடிய பேச்சாளர் சதுக்கமாக அரசாங்கம் திறந்துவிட்டது. குடிமக்கள் மட்டும் பேசலாம். அப்போது பக்கத்துக் காவல் நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியும் அப்போது கூடாது, இனம், சமயம் பற்றிப் பேசக்கூடாது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஏதாவது ஒன்றில் பேச வேண்டும், அவற்றின் வட்டார வழக்கும் ஆகும். ஆக, தமிழிலும் பேசலாம். கோயிலுக்கும் பள்ளிக்கும் வானொலிக்கும் வெளியே, நட்டநடு நகரத்தில் நின்று தமிழில் குறை சொல்லவும் இங்கே உரிமை இருக்கிறது. அதை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

தொடக்கத்தில் வந்த கூட்டம் சீக்கிரமே வற்றிவிட்டது. 2008 செப்டம்பரில் விதிகள் தளர்ந்தன. பதிவு தேசியப் பூங்காக் கழகத்திடம் போனது, ஆர்ப்பாட்டம் நடத்தவும் ஒலிபெருக்கி வைக்கவும் வழி பிறந்தது. அதே மாதம் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானதும், அதோடு பிணைந்த முதலீடுகளில் சேமிப்பைத் தொலைத்தவர்கள் சனிக்கிழமைகளில் இங்கே கூடினார்கள். வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்கும் போயிராத வயதானவர்கள் கைகளில் காகிதக் கட்டுகளோடு நின்றதை நான் பார்த்தேன். 2009 மே மாதம் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவான பிங்க் டாட் கூட்டம் முதல் முறையாக நடந்தது, இளஞ்சிவப்பு உடுத்திய சுமார் 2,500 பேரோடு. அதே வருஷம் கண்காணிப்புக் கேமராக்களும் வந்தன. 2013 பிப்ரவரியில் குடியேற்றத்தால் மக்கள்தொகை பெருகும் என்று சொன்ன அரசாங்க வெள்ளை அறிக்கையை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் மழையில் நின்றார்கள். 2017ல் பிங்க் டாட்டைச் சுற்றித் தடுப்பு வேலி போட்டு, அடையாள அட்டை பார்த்தே உள்ளே விட்டார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தவிர யாரும் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி கடுமையானதுதான் காரணம்.

கோவிட் காலத்தில் மூடிக் கிடந்த சதுக்கம் 2022 மார்ச் கடைசியில் திறந்தது. ஏப்ரல் 3ஆம் தேதி, ஞாயிறு, மரண தண்டனைக்கு எதிராகச் சுமார் 400 பேர் கூடினோம். மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கத்தின் பெயர்தான் அன்று எல்லோர் வாயிலும். 2009ல் 42.72 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டவர். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டிருந்தது. புல் ஈரமாக இருந்தது, செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் பருத்திச் சேலை கட்டிய ஓர் அம்மா, முன்னே பின்னே தெரியாதவர், "எத்தன வயசும்மா அந்தப் பையனுக்கு?" என்று கேட்டார். முப்பத்து நாலு என்றேன். "எம் மவனுக்கும் அதே வயசு" என்று சொல்லிவிட்டு, கூட்டம் முடியும்வரை என் கையை விடவில்லை. ஏப்ரல் 27ஆம் தேதி விடியுமுன் தண்டனை நிறைவேறியது. நாங்கள் கூடியதால் அந்த உயிர் தப்பவில்லை. ஆனாலும் அன்று நான் வீட்டில் இருந்திருந்தால் என்னால் என்னை மன்னிக்க முடியாது.

வார நாட்களில் பூங்கா வேறு மாதிரி. புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மரத்தடியில் இரண்டு பேர் படுத்திருப்பார்கள். ஒருவர் புதுக்கோட்டைப் பக்கம், இன்னொருவர் பங்ளாதேஷ். கால்சட்டை முழங்கால்வரை நறுக்கிய புல் ஒட்டியிருக்கும். புதுக்கோட்டைத் தம்பியிடம் இங்கே யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று ஒரு நாள் சொல்லத் தொடங்கி, வாக்கியத்தை முடிக்க முடியாமல் நின்றேன். அவர் பேச முடியாது. வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர் இங்கே ஒரு கூட்டத்தில் பங்கெடுப்பதே குற்றம். இந்தப் புல்லைச் சீராக வைத்திருப்பவருக்கு அதன்மேல் நின்று ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. இதை மாற்ற வேண்டும். வெளிநாட்டு அரசியல் உள்ளே வரக்கூடாது என்ற கவலை நியாயமானது. தங்குமிடம், சம்பளம், பயணம் பற்றி ஓர் ஊழியர் பேசுவது வெளிநாட்டு அரசியல் ஆகாது.

அதனால் நானே பேசப் போகிறேன், தமிழில். லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி கூடாது, வேலைக்குப் போகும் ஊழியர்களுக்கு விலக்கு உண்டு. 2021 ஏப்ரலில் பிஐஇ விரைவுச்சாலையில் நடந்த விபத்தில் அப்படிப் போன இரண்டு பேர் இறந்தார்கள். அந்த விலக்கை நீக்க வேண்டும் என்பதுதான் என் தலைப்பு. தேசியப் பூங்காக் கழக இணையத்தளத்தில் பதிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணி. கிளார்க் கீ எம்ஆர்டியிலிருந்து ஐந்து நிமிட நடை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வாருங்கள், குடை எடுத்து வாருங்கள். அப்பாவும் வருகிறார்.